ஐந்து வரிக்கு மேல் கூடாது

எழுத்து மொய்க்கிற ஸ்லைடு எனக்குப் பிடிக்காது. ஒரு ஸ்லைடுக்கு ஐந்து வரி, அதற்கு மேல் கூடாது. எங்கள் ஒரகடம் ஃபாக்டரியின் பயிற்சி அறைக்கு ஸ்லைடு போடுவது நான் ஒருவன்தான் என்பதை இதற்குள் விசாரித்திருப்பீர்கள், சார்.

இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பெரிய பிரஸ் மெஷின் வந்தபோது அதன் கையேடு பி.டி.எஃப்பாக ஒரு சி.டி.யில் வந்தது. அதை ஆபரேட்டர்களுக்குப் புரிகிற தமிழ் ஸ்லைடாக மாற்றுவது என் வேலை. லேசான வேலை என்று நினைக்காதீர்கள். பி.டி.எஃப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் வாக்கியம் பாதியில் உடையும், படம் வரவே வராது. எல்லாவற்றையும் உட்கார்ந்து நானே டைப் அடித்தேன்.

டை, அதாவது அச்சு, மாற்றும் பக்கத்தில் ஆறு வரி இருந்தது. அச்சை மாற்ற ஆபரேட்டர் மெஷினுக்குள் தலையை நுழைக்க வேண்டும். அதற்கு முன் மேல்பாகம் இறங்காதபடி ஓர் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுக்கச் சொன்னது மூன்றாவது வரி. சிவப்பில் போட்டிருந்தார்கள். கட்டை நல்ல கனம், தூக்கி வைக்க இரண்டு ஆள் வேண்டும், அதுவரை உற்பத்தி லைன் நிற்கும்.

மண்ணூர்க்காரர் நடேசன், எங்கள் சூப்பர்வைசர், எட்டிப் பார்த்தார். "இத்தெல்லாம் வச்சிகினு இருந்தா லைன் எப்ப சார் ஓடும்?"

அவர் அந்த வரியை எடுக்கச் சொல்லவில்லை. அவர்மேல் பழி போடுகிற ஆள் நானில்லை. எடுத்தது நான். ஸ்லைடு பார்க்க லட்சணமாக ஆயிற்று, டை மாற்றும் நேரம் பாதியாகக் குறைந்தது. ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு எனக்குச் சால்வை போட்டார்கள். பெருமையாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்த ஆபரேட்டர் இசக்கிதுரைக்குச் சங்கரன்கோவில் பக்கம். தண்டலத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். வகுப்பில் எழுந்து நின்று கேட்டான்.

"சார், பழைய கம்பெனியில அடியில ஒரு கட்டைய முட்டுக் கொடுப்போம்லா. இங்க வேண்டாமா?"

"ஸ்லைடுல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப வேண்டாம். ஸ்லைடுல இல்லாததைச் செஞ்சா கேட்டுக்கு வெளியதான் நிப்பே."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அடுத்த வாரம் பிரேக் பிடிக்காமல் மேல்பாகம் இறங்கியபோது அவன் தலை உள்ளே இருந்தது. நான் கற்றுக்கொடுத்ததை வரி பிசகாமல் செய்திருந்தான். அவன் அம்மா செல்லக்கனி ஊரிலிருந்து வந்து கேட்டில் நின்றார்.

"எம்புள்ள ஏதும் தப்பு பண்ணிட்டானாய்யா?"

"ஆமாம்மா, கவனக்குறைவு" என்றேன்.

நான் எதையும் மறைக்கவில்லை, சார். அந்த வரியைத் தெரிந்தேதான் எடுத்தேன். அவன் கேட்டபோது, கட்டை இல்லையென்றால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நான் பொய் எழுதினேன் என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. ஸ்லைடில் உள்ள ஐந்து வரியும் சரி. எடுத்துப் பாருங்கள்.

உங்கள் விசாரணை அறிக்கைதான் பக்கம் பக்கமாக நீண்டுவிட்டது. மேலே இருப்பவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள். அறிக்கையின் பி.டி.எஃப்பைக் கொடுங்கள், ஒரே ஸ்லைடாக்கித் தருகிறேன். மெஷின், தேதி, கவனக்குறைவு, நடவடிக்கை, நன்றி. ஐந்து வரி ஆகிவிட்டது. அவன் பெயருக்கு இடமில்லை.