பதில் வரவில்லை என்று எழுதியவன் நான்

விதிகளின் காவலராய் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! வெட்டவும் ஒட்டவும் தடுக்கவும் வல்ல நிர்வாகிகளே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பிழை திருத்த உட்காரும் தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

“நமது விதிகள், நமது பெருமை” என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெருமையாம் பெருமை! எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் திறந்தோம். அதற்கு எத்தனை விதிகள் வகுத்தோம்? நூற்றுப் பதினான்கு! அவற்றில் நாற்பதை எழுதியவன் இந்தப் பாவி.

ஒரு நர்ஸ் இருந்தார். மருந்துகளைப் பற்றி அறுநூறு கட்டுரைகளைச் சொந்தப் பெயரில் எழுதியவர். அவருடைய நாத்தனாரும் அதே மருத்துவமனையில் நர்ஸ். ஓய்வறையில் இருந்த ஒற்றைக் கணினியில், ஷிப்டு மாறும்போது இருவரும் மாறி மாறி எழுதினார்கள். நாம் என்ன கண்டோம்? ஒரே கணினி, இரண்டு கணக்கு! ஒருவரே இரண்டு வேடம் போட்டுத் தமக்குத் தாமே ஆமாம் போடுகிறார் என்றோம். இரண்டு கணக்குகளையும் முடக்கினோம். “ஏழு நாளுக்குள் உரையாடல் பக்கத்தில் பதில் எழுதுக” என்று உத்தரவும் போட்டோம். முடக்கிய கணக்கால் அந்தப் பக்கத்தில் ஓர் எழுத்துகூட எழுத முடியாது என்பது நம்மில் ஒருவருக்காவது உறைத்ததா?

ஆறாம் நாள் அந்த அம்மா நம் அலுவலகத்துக்கே வந்தார், டூட்டி முடிந்த கையோடு, சீருடையோடு.

“சார், நாங்க ரெண்டு பேரு சார். வேணும்னா அவளையும் கூட்டிட்டு வரேன்.”

“இங்க சொல்லிப் பிரயோஜனம் இல்லம்மா. அந்தப் பக்கத்துல எழுதுங்க.”

“அங்கதான் எழுத விட மாட்டேங்குதே!”

“விதி அப்படிம்மா. நான் என்ன பண்றது?”

இப்படிச் சொன்ன வாய் இதுதான். எட்டாம் நாள் “பதில் வரவில்லை, குற்றம் உறுதி” என்று எழுதிய கையும் இதுதான்.

யாரோ அங்கே “சுருக்கமா முடிங்க” என்கிறீர்கள். முடிக்கிறேன் ஐயா. ஒரு பெண்ணின் மானத்தையே ஒரு வரியில் முடித்தவனுக்கு இது பெரிய காரியமா?

இன்று அவர் பெயரை வலையில் தேடினால் முதலில் வருவது நம் தீர்ப்பு: “மோசடிக் கணக்கு.” போன மாதம் வேறொரு மருத்துவமனையில் வேலை உறுதியானது. அந்த வரியைப் பார்த்தார்கள்; வேண்டாம் என்றுவிட்டார்கள். கேள்விப்பட்டு மன்னிப்புக் கேட்கப் போனேன்.

“என்னை விடுங்க சார். என் நாத்தனார்னு ஒருத்தி இல்லவே இல்லைன்னு எழுதிட்டீங்களே, அவ மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?” என்றார்.

தீர்ப்பை நீக்கும்படி மூன்று முறை மனுப் போட்டேன். “குற்றம் சாட்டப்பட்டவரே தம் கணக்கிலிருந்து கேட்க வேண்டும்” என்று விதியைக் காட்டினீர்கள். அந்த விதியை எழுதியவனும் நான்தான், மறுக்கவில்லை. விதி வாழ்க! விதி வளர்க! மனிதர் எக்கேடு கெட்டால் நமக்கென்ன!

ஆகவே தலைவர் அவர்களே, இந்த மேடை ஏறுவதற்கு முன், எவரையும் கேட்காமல், எந்த வாக்கெடுப்பும் இல்லாமல், அந்தத் தீர்ப்பை அழித்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த இடத்தில் “இவர்கள் இருவர். தவறு எங்களுடையது” என்று எழுதி, என் பெயரைப் போட்டிருக்கிறேன். பெருங்குற்றம்! நிர்வாகிகள் சிலர் இப்போதே கைப்பேசியை எடுப்பது இங்கிருந்து தெரிகிறது. என்னைத் தடை செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். அந்த வரியில் மட்டும் கை வைக்காதீர்கள். வைத்தே தீருவேன் என்பவர், முதலில் அந்த இரண்டு பெண்களையும் நேரில் பார்த்து, எண்ணிவிட்டு வரட்டும்.

பொறுத்திருந்து கேட்டவர்களுக்கு நன்றி. பொறுக்காமல் எழுந்து போனவர்களுக்கும் நன்றி. வணக்கம்.