பிளஸ் தொண்ணூறு

நான் உப்பு குறைவாகச் சாப்பிடுகிறவன். அதை அறிந்து சமைத்த ஒரே ஆள் என் அக்கா. அம்மா அப்பா போனபிறகு அவள்தான் என்னை ஆளாக்கினாள். கல்யாணமாகி அத்தானோடு சுரங்கக் குடியிருப்புக்கு அவள் போனதும் என் வயிறு கெட்டுப்போனது. அத்தானைக் குறை சொல்லவில்லை. சுரங்கத்தில் வெடி வைக்கிற வேலை அவருக்கு. வாய் நிறைய "மாப்ளே" என்பார், முதுகில் ஓங்கித் தட்டுவார். தட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். நில அதிர்வை அளக்கும் நிலையங்கள் பல இடங்களில் உண்டு. ஒவ்வொன்றிலும் மண்ணுக்குள் ஒரு கருவி. அதிலிருந்து மூன்று சேனல்கள். தரை மேலும் கீழும் அசைவதை ஒன்று சொல்லும், பக்கவாட்டு அசைவை மற்ற இரண்டும். எந்தச் சேனல் எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்ற விவரமெல்லாம் ஓர் இணையச் சேவையில் இருக்கும். நான் எழுதிய கணினி நிரல் அந்தச் சேவையிடம் கேட்டு, விவரத்தை வாங்கி, அதை வைத்து அலையைக் கணக்கிடும். விவரம் இல்லாத அலை வெறும் கிறுக்கல்.

மேல்கீழ்ச் சேனலுக்கு எல்லா நிலையத்திலும் கோணம் மைனஸ் தொண்ணூறு. மேலே பார்க்கிறது என்று அர்த்தம். சுரங்கத்துக்குப் பக்கத்து நிலையத்தில் மட்டும் பிளஸ் தொண்ணூறு. கருவியைப் புதைத்த டெக்னீஷியன் ஒயரை மாற்றி இணைத்துவிட்டார். திரும்பத் தோண்டச் சோம்பல்பட்டாலும், இந்தச் சேனல் தலைகீழ் என்று நேர்மையாகப் பதிந்து வைத்தார். நிரல் அதைப் பார்த்து அலையைத் திருப்பிக்கொள்ளும்.

சுரங்கத்தின் கூரை இறங்கிய அன்று உள்ளே போன ஷிப்டில் ஒருவரும் திரும்பவில்லை. அத்தான் வெளியே இருந்தார். தாங்கி நின்ற தூண்களையும் முதலாளி வெட்டி எடுக்கச் சொன்னதால் தானாக இடிந்தது என்றார் அவர். அவர் வைத்த வெடிதான் காரணம் என்றார் முதலாளி. இடிந்தால் தரை முதலில் உள்ளே இழுபடும், அலை கீழே தொடங்கும். வெடித்தால் வெளியே தள்ளும், மேலே தொடங்கும். மற்ற நிலையங்கள் தூரம். அந்த முதல் அசைவு தெளிவாக விழுந்தது பக்கத்து நிலையத்தில்தான். கணக்குப் போட்டேன். கீழே. அத்தான் சொன்னது நிஜம்.

அக்காவுக்குச் சொல்லத்தான் போனை எடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அவரு மேல தப்பில்லைன்னு மட்டும் வந்துட்டா போதும்டா. இந்த ஊரே வேணாம். கடல் தாண்டி ஒரு வேலை இருக்காம். ரெண்டு பேரும் போயிடறோம்."

"பாக்கலாம்க்கா" என்று வைத்துவிட்டேன்.

பிறகு நிரலில் ஒரு வரி சேர்த்தேன். சேவையிலிருந்து பிளஸ் வந்தால் மைனஸ் என்று எடுத்துக்கொள். அலையை நான் தொடவில்லை. டெக்னீஷியன் பதிந்ததைக்கூட அழிக்கவில்லை. எல்லா நிலையமும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று பார்த்தேன். இப்போது அலை மேலே தொடங்கியது. விசாரணையில் 'வெடிப்பு' என்று அறிக்கை படித்தேன். அத்தான் திட்டவில்லை. "மாப்ளே, இன்னொரு தடவ பாரேன்" என்றார். பார்க்கிறேன் என்றேன்.

அத்தானுக்குத் தண்டனை ஆனதும் அக்கா பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாள். "அவரு வெடிக்கலடா" என்று அழுவாள். "பூமி பொய் சொல்லாதுக்கா" என்பேன். போகப்போக அதைச் சொல்வதை விட்டாள். பேச்சையே விட்டுவிட்டாள் என்கிறார் பக்கத்து வீட்டம்மா. எனக்கென்னவோ அவள் மனசு ஆறிவிட்டதாகத்தான் தோன்றியது.

அத்தான் சிறையில் தூக்குப் போட்டுக்கொண்டபோது உடலை வாங்க நான்தான் அலைந்தேன். லீவு கிடைப்பதே கஷ்டமாக இருந்தது.

கூரையில் கோளாறில்லை என்றாகிவிட்டதால் சுரங்கத்தை மறுபடி திறந்தார்கள். இனி வெடி கூடாது, இயந்திரத்தால் வெட்டுங்கள் என்று உத்தரவு. தூண்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது திரும்ப இறங்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்கள்.

போன வாரம் இறங்கியது. நான் செய்த ஒரே தவறு, அந்த வரியை எடுக்க மறந்தது. வெடிமருந்தே இல்லாத சுரங்கத்தில் வெடிப்பு என்று நிரல் தானாக அறிவித்துவிட்டது. டிவியிலும் அப்படியே வாசித்தார்கள். அக்கா சமையலறையிலிருந்து வந்து, கடைசிவரை நின்று கேட்டாள். என்னை ஒருமுறை பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு நேராக இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள்.

அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள், கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. அக்கா தனியாக இருந்து பழக்கமில்லாதவள். அவளுக்கு என்னை விட்டால் வேறு நாதி இல்லை. அப்படி ஆகும்படி பார்த்துக்கொண்டவன் நான். பாதியில் கைவிட முடியுமா.