கூட ஒரு மூச்சு

மத்தியானம் ரெண்டு மணி. ராத்திரி இல்ல... பட்டப்பகல். கொரோனா ரெண்டாவது அலை வந்துச்சே, அந்த மே மாசம். விருத்தாசலத்துலேருந்து கருவேப்பிலங்குறிச்சி போற ரோட்டுல ஒரு ஈ காக்கா கிடையாது. தாரு உருகி செருப்புல ஒட்டுது. அந்த வெயில்ல ஒரு பொம்பள தனியா நடந்து போறாங்க. கையில துணி திணிச்ச கட்டப்பை. குடிக்கத் தண்ணி இல்ல.

அது அம்சவல்லி. நம்ம வளவன் இருக்கான்ல, அவனோட அத்தை. மாமா பேரு ஆதிநாராயணன்.

மாமா செராமிக் கம்பெனி ஒண்ணுல இருவத்திரண்டு வருஷம் கல்லு அரைக்கிற மிஷின்கிட்ட நின்னவரு. அந்த வெள்ளைத் தூசி பூரா நெஞ்சுல எறங்கிடுச்சு. நாலு படி ஏறுனா மூச்சு விசில் அடிக்கும். "உங்களுக்கு கொரோனா வந்தா தாங்காது"ன்னுட்டாரு டாக்டரு. அவ்ளோதான்... மனுஷன் மாறிட்டாரு. ஆக்ஸிஜன் பாக்குற கிளிப்ப வெரல்ல மாட்டிக்கிட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ பாப்பாரு. வூட்டுக்குள்ள டெட்டால் நெடி கண்ணக் கரிக்கும்.

அன்னிக்கு அத்தை கொல்லையில காஞ்ச துணிய கட்டப்பையில எடுத்துக்கிட்டு இருந்தவங்க, இருமிட்டாங்க. ஒரே ஒரு தடவ.

மாமா உள்ள தாழ்ப்பா போட்டுட்டாரு.

"எடுத்த துணியோட அப்படியே உன் தங்கச்சி வூட்டுக்குப் போயிடு."

"ஏங்க, பஸ்ஸு ஓடலயே..."

"நடந்து போ."

"ஒரு பாட்டில் தண்ணியாவது குடுங்க. கதவத் தொறக்க வேணாம்... ஜன்னல் வழியா."

மாமா டிவி சத்தத்த ஏத்தி வச்சாரு. அரை மணி நேரம் தட்டுனாங்களாம். அக்கம்பக்கத்துல இருமுன ஆளுன்னு தெரிஞ்சதும் எல்லா ஜன்னலும் சாத்திக்கிச்சு. அப்புறம்... தட்டல.

சாயங்காலம். மாமா கட்டில்ல படுத்திருக்காரு. ஸ்ஸ்... ஹ்ஹ்... மூச்சு வாங்குது. நம்ம இளைப்புதான்னு நெனச்சாரு. வெரலப் பாத்தா தொண்ணூத்தி மூணு. எப்பவும் இருக்குறதுதான். ஆனா சத்தம் ஏறுது. அது எங்கேருந்து வருதுன்னு பாக்க, மூச்ச அடக்குனாரு.

அவரு மூச்சு நின்னுடுச்சு.

சத்தம் நிக்கல.

ஸ்ஸ்... ஹ்ஹ்... காதோரம். வேக வேகமா, வெயில்ல ரொம்ப தூரம் நடந்தவங்களுக்கு வாங்குமே, அந்த மாதிரி. கழுத்துல அனல் அடிக்குது. தாரு நாத்தம்.

கொழுந்தியாளுக்குப் போன் போட்டாரு.

"கனகா... உங்க அக்கா வந்துட்டாளா?"

"இல்லையே மாமா. எதுல அனுப்புனீங்க? பஸ்ஸே இல்லயே!"

விளக்கு வைக்கிற நேரத்துல போலீஸ்காரங்க பாத்தாங்க. ரோட்டோரம் புளியமரத்தடியில உக்காந்தபடியே... உதடு பாளம் பாளமா வெடிச்சு, வாய் தொறந்து கெடந்துச்சு. டெஸ்ட் எடுத்தாங்க. கொரோனா இல்ல. வெயிலு.

மாமாவுக்கும் எடுத்தாங்க. இல்ல. இன்னிக்கு வரைக்கும் அவருக்கு வரல.

ஆனா அந்த மூச்சு போவல. அவரு ஒரு மூச்சு இழுத்தா, பாதிய யாரோ புடுங்கிக்கிற மாதிரி இருக்குதாம். வூட்டுல ஒரு கதவையும் சாத்த மாட்டாரு. மழை பேஞ்சாலும் தொறந்தே கெடக்கும். அத்தனை கதவு தொறந்திருந்தும் அவருக்குக் காத்து பத்தல.

போன மாசம் நெஞ்சுல எக்ஸ்ரே எடுக்க வளவன்தான் கூட்டிக்கிட்டுப் போனான். இவன் வாசல்ல நின்னுக்கிட்டான். மாமா மட்டும் தனியா உள்ள போயி, சட்டையக் கழட்டிட்டு, அந்தப் பலகையில நெஞ்ச அழுத்தி நின்னாரு. கண்ணாடிக்கு அந்தாண்டேருந்து எக்ஸ்ரேக்காரரு கத்துறாரு.

"பெரியவரே, பக்கத்துல நிக்கிற அம்மாவ வெளிய போவச் சொல்லுங்க."

மாமா திரும்பியே பாக்கல. ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாராம்.

"சார்... உங்க கால்ல வுழறேன். அவகிட்ட வெளிய போன்னு மட்டும் சொல்லாதீங்க."