கிழியாத டிவி

– அதனால சொல்றேன் அப்சல், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல ஆரம்பிச்சி கல்வராயன் மலை உச்சி வரைக்கும் கம்ப்யூட்டரோட மனசு புரிஞ்ச ஒரே மனுஷன் நான்தான். இத பெருமைக்காக சொல்லல. பதிவுக்காக சொல்றேன்.

– மலை உச்சிக்குப் போய் விசாரிச்சியா?

– அங்க டவரே கெடைக்காது. டவர் கெடைக்காத எடத்துல எனக்குப் போட்டி எங்கருந்து வரும்?

– இருக்கட்டும். இளஞ்செழியன் பெரிய ஆளு, ஒத்துக்கினேன். நான் வந்த விஷயத்துக்கு வா செழியா. இன்ஸ்டாவுல போட்ட அந்த ரீல எப்ப தூக்குவ?

– எதுக்குத் தூக்கணும்? 'கவுஸ் பாய் கடையில போலி மானிட்டர்'னு போட்டேன். உண்மையப் போட்டேன். நீயும் நானும் காலேஜ்ல ஒரே பெஞ்சுதான், அவரு உன்னப் பெத்த அத்தாதான். அதுக்காக பெஞ்சும் நியாயமும் ஒண்ணாயிடுமா? பதிவு பண்ணிக்க.

– டேய், இப்ப கடைக்கு வர்றவன்லாம் இன்னா கேக்குறான் தெரியுமா? 'பாய், கிழியாத டிவி இருக்கா?'ன்றான். எலவனாசூர்கோட்டையில கேம் சென்டர் தொறக்கப் போறாரே தீனதயாளன் அண்ணன், மானிட்டர் பூரா நம்மகிட்டதான்னு வாக்கு குடுத்திருந்தாரு. நேத்து போன் பண்ணி, 'வேற எடத்துல பாத்துக்குறேன் பாய்'னுட்டாரு. அத்தா அப்பலருந்து சரியா சாப்பிடக்கூட இல்ல.

– கிழிசல் கதைக்கு நான் பொறுப்பில்ல. நான் டீயரிங்னுதான் சொன்னேன். எங்கம்மாவுக்குப் புரியல. சரின்னு தமிழ்ல, 'ஸ்கிரீன் கிழியுதும்மா'ன்னேன். தமிழ்ல பேசினது ஒரு குத்தமா?

– உங்கம்மா சந்தை நாளாப் பாத்து மானிட்டர் பொட்டியத் தூக்கினு வந்து, 'கிழிஞ்ச டிவிய எம்புள்ள தலையில கட்டிட்டீங்களே பாய்'னு கத்துனாங்க. அத்தா பிரிச்சி வெச்சி ஸ்கிரீனத் தடவித் தடவிப் பாக்குறாரு, எங்க கிழிஞ்சிருக்குன்னு. சாமான் வாங்க வந்தவனும் கூட சேந்து தடவுறான்.

– அப்பறம் இன்னா பண்ணாரு? மறு பேச்சு இல்லாம புதுசு எடுத்துக் குடுத்தாரு. சரக்குல கோளாறு இல்லன்னா எவனாவது மாத்திக் குடுப்பானா?

– நீ எங்கூடப் படிக்கிறவன்னு குடுத்தாருடா.

– அதோட வுட்டாரா? என் ரீலுக்குக் கீழ வந்து, 'நம்ம மேலதான் தப்பு தம்பி, மன்னிச்சிக்கோங்க'ன்னு கமெண்ட் போட்டிருக்காரு. பண்ணாத தப்ப ஒரு மனுஷன் தானா எடுத்துத் தோள்ல போட்டுக்குவானா? முதுகெலும்பு எதுக்குக் குடுத்திருக்கு, சட்டை மாட்டறதுக்கா? நான்லாம் அப்பிடி ஒரு வரி எழுதறதுக்குள்ள என் விரலே ஸ்ட்ரைக் பண்ணிடும்.

– இருக்கட்டும். இப்ப இருக்கிறது அவரு மாத்திக் குடுத்த ரெண்டாவது மானிட்டரு. இதும் கிழியுதுன்ற.

– கண்ணால பாரு. காரு திரும்புது பாரு... பாத்தியா? காரோட மேல் பாதி ரிஷிவந்தியம் போயிடுச்சி, கீழ் பாதி இன்னும் வடக்கனந்தல்லயே நிக்குது.

– ஆமா, கிழியுது. அடாப்டிவ் சிங்க் போட்டியா?

– யாரப் பாத்து இன்னா கேக்குற? கேட்டுக்க. கிராபிக்ஸ் கார்டு படம் வரைஞ்சி குடுக்குது, மானிட்டரு அத காட்டுது. கார்டு ஒரு நேரம் சீக்கிரம் குடுக்கும், ஒரு நேரம் லேட்டா குடுக்கும். மானிட்டரு அதுபாட்டுக்கு ஒரே வேகத்துல காட்டினு இருந்தா, பழைய படம் பாதி, புதுப் படம் பாதின்னு விழும். நடுவுல வெட்டு. கார்டு எப்ப குடுக்குதோ அது வரைக்கும் மானிட்டரு காத்துக்கினு இருந்து காட்டுனா, அதுக்குப் பேருதான் அடாப்டிவ் சிங்க். இத ஒரு செமினாரா குடுத்தேன், நீ தூங்கினு இருந்த.

– மானிட்டர் மெனுவுல ஆன் பண்ணியிருக்கியா?

– ஆன்.

– கார்டோட செட்டிங்ஸ்ல?

– அங்கதான் உங்கத்தா மாட்டுனாரு. டிக் போடற பெட்டியே வரல. மானிட்டருன்ற பேச்சே அங்க இல்ல.

– கார்டுக்கு மானிட்டர் இருக்கிறதே தெரியலன்றியா?

– போலிய கண்டா நல்ல கார்டு மூஞ்சியத் திருப்பிக்கும்.

– ரெண்டு மானிட்டரையும் பாத்தா திருப்பிக்கிச்சி? சிபியு பொட்டியத் திருப்பு.

– எதுக்கு? கார்ட மாட்டி ஒயர சொருகினது நான். ஒரு மாசம் கிழியாம ஓடிச்சி.

– மானிட்டர மாத்துனப்ப ஒயர கழட்டினியா இல்லியா?

– மானிட்டர் பக்கம் கழட்டினேன், மாட்டினேன். பொட்டி பக்கம் எதுக்குத் தொடணும்? அது நான் சொருகினது.

– திருப்புடா.

– மெதுவா, மெதுவா. ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டு அழிஞ்சா எங்கம்மா கத்தும். உள்ள பொரி வேற கெடக்கும்.

– செழியா, குனி. கார்டு எங்க இருக்கு?

– கீழ.

– அதுல எத்தினி ஒயர் சொருகியிருக்கு?

– ஒண்ணும் இல்ல.

– மானிட்டர் ஒயரு?

– மேல. மதர்போர்டுல.

– இத்தினி நாளா மதர்போர்டு ஓட்டை வழியா படம் பாத்துகினு இருந்திருக்க. கார்டும் இந்த மானிட்டரும் நேருக்கு நேரா ஒரு வாட்டிகூட பாத்துக்கல.

– சத்தியமா நான் கார்டுலதான் சொருகினேன்டா! இரு... ஆயுத பூஜை. எங்கம்மா! அன்னிக்கு எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுத் தொடைச்சாங்க. நான் வர்றதுக்குள்ள எந்த ஓட்டைக்கு எது பொருந்துதோ சொருகிட்டு, பொட்டு வெச்சி, பூ போட்டு, ரெடி பண்ணிட்டாங்க. அன்னிக்கு சாயந்திரத்துலருந்துதான் கிழிய ஆரம்பிச்சிது! நான் இல்ல அப்சல், எங்கம்மா! பதிவு பண்ணிக்க!

– பண்ணிக்கினேன். ஒயர சொருகினது உங்கம்மா. ரீல் போட்டது யாரு? ஒயர எட்து கார்டுல சொருகு மொதல்ல.

– சொருகிட்டேன். டிக் பெட்டி வந்துடுச்சி.

– டிக் போடு. கார திருப்பு.

– கிழியல.

– இன்னும் வேகமா திருப்பு.

– கிழியல அப்சல். எண்ணெய் தடவின மாதிரி வழுக்கினு ஓடுது. பாக்க எனக்கே அசிங்கமா இருக்குடா, நிறுத்திடட்டா?

– நிறுத்து. இப்ப ரீலுக்கு இன்னா பண்ணப் போற?

– தூக்கிடறேன். தூக்கிட்டு, 'எங்கம்மா தெரியாம ஒயர மாத்திட்டாங்க'ன்னு சிரிக்கிற பொம்மை வெச்சி ஒரு ஸ்டேட்டஸ் போட்டா முடிஞ்சிடும்ல? எல்லாரும் சிரிச்சிட்டுப் போயிடுவாங்க.

– உங்கம்மாவ வெச்சி சிரிப்பாங்க.

– என்ன வெச்சி சிரிக்க மாட்டாங்க இல்ல?

– நீ பேசறது உன் காதுல விழுதா செழியா?

– விழுது. மெதுவா பேசு, அம்மா வருது.

– அப்சலு, காபி எட்துக்க கண்ணு. எப்பவோ போட்டது. குடுக்கலாமா வேணாமான்னு கதவாண்டயே நின்னுகினு இருந்தேன்.

– இன்னாம்மா புதுசா? உங்க வூட்ல நான் குடிக்காத காபியா?

– அது அப்ப. அன்னிக்கு கடையில அந்தக் கத்து கத்திட்டு வந்தப்பறம் உம்மூஞ்சியப் பாக்க முடியல சாமி. பாயி ஒரு வார்த்தை திரும்பப் பேசல தெரியுமா? 'உக்காருங்கம்மா'ன்னு சேர எட்துப் போட்டாரு. நான் உக்காரல. சோறு ஆக்கும்போதும் துணி தொவைக்கும்போதும் அந்த சேருதான் கண்ணு முன்னாடி வந்து நிக்குது. எம்புள்ள சொன்னா தப்பா இருக்காதுன்னு ஒரு திமுரு. இன்ஜினியருக்குப் படிக்குதே.

– அத்தா அதெல்லாம் மனசுல வெச்சிக்க மாட்டாரும்மா.

– அவரு வெச்சிக்க மாட்டாரு, அதான் எனக்கு ஜாஸ்தி வலிக்குது. இன்னாடா செழியா, பொட்டியப் பிரிச்சிப் போட்டுட்டு தலையத் தொங்கப் போட்டுக்கினு இருக்க? கோளாறு கெடச்சிதா?

– கெடச்சிதும்மா.

– டிவியிலதானே?

– டிவியில இல்ல. டிவி நல்ல டிவி. ஒயர மாத்தி சொருகியிருக்கு.

– ஒயரா? எந்த ஒயரு? இருடா... பூஜைக்குத் தொடைக்க நான்தானே எல்லாத்தையும் புடுங்கினேன். திரும்ப நான்தானே ஒவ்வொண்ணா... அய்யோ. அது நான் சொருகின ஒயரா? நான் பண்ணி வெச்ச கூத்துக்கா அந்த மனுஷன நாலு பேரு முன்னாடி நிக்க வெச்சேன்? அப்சலு, நீ சொல்லு, நானா?

– அம்மா, அது வந்து...

– நீ சும்மா இரு அப்சல்.

– யாராச்சும் சொல்லுங்கடா, அது நானா?

– நீ இல்லம்மா, நீ சொருகினது சரியாத்தான் இருந்துச்சி. அப்பறமா நான்தான் எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி புடுங்கி மாத்தி சொருகினேன். அப்சல், வண்டிய எடு, கடையில கூட்டம் இருக்கும்போதே போவணும். தப்பு எம்மேலதான்னு பாய்கிட்ட நான் சொல்றத நீ போன்ல புடி, ரீலா போடணும்.