கீலில் நான் அடித்த ஸ்பிரே

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவரே, பசைக் கூடத்துத் தோழர்களே, மெக்கானிக் நண்பர்களே, மகளின் கையைப் பிடித்தபடி முன்வரிசையில் இருக்கும் மேஸ்திரி வீட்டு அண்ணியே!

எனக்கு மேடைப் பேச்சு வராது. லேமினேட் ஒட்டிய இரும்புக் கதவுகளை விற்று முன்னுக்கு வந்தவன் நான். சரக்கில் குறை இருந்தால் விற்கும் முன்பே சொல்லிவிடுவேன் என்று மார்தட்டுகிறவன். அந்தப் பெருமையில் ஓர் ஓட்டை உண்டு. அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

நம் மேஸ்திரியைப் போல் ஒருவர் உண்டா? ஒவ்வொரு தகட்டிலும் தண்ணீர் தெளிப்பார். படர்ந்தால் சுத்தம், முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய், மறுபடி துடைக்க வேண்டும். கையில் க்ரீம் பூசி வந்தவரை, "மாப்பிள்ளை மாதிரி மினுமினுன்னு வர்றியே, சோப்பு போட்டுட்டு வா!" என்று திருப்பி அனுப்புவார். கிரீஸ் டப்பாவோடு எட்டிப் பார்த்த மெக்கானிக்கிடம், "உன் மெஷின் வழுக்கணும், என் தகடு ஒட்டணும். நமக்குள்ள சம்பந்தம் சரிப்படாதுப்பா!" என்பார். சிரிக்காதவர் யார்?

ஆறு ஆண்டுகளுக்கு முன் இருநூறு கதவுகள் உப்பி உரிந்து திரும்பி வந்தன. அன்று அவரைப் பார்த்து என்ன கேட்டீர்கள்? "எங்களை விரட்டுனீங்களே, உங்க கையை யாரு பார்த்தா?"

தோழர்களே, அவர் கையில் எதுவும் இல்லை! கூடத்துக் கதவு கிரீச்சிட்டது என்று, காரில் கிடந்த சிலிகான் ஸ்பிரேயை எடுத்துக் கீலில் அடித்தவன் நான். தண்ணீர்ச் சோதனை முடிந்து ஓரமாக அடுக்கியிருந்த தகடுகள்மேல் அந்த வழவழப்பு படிந்து, பசை பிடிக்காமல் போய்விட்டது.

கீலைத் துடைத்த துணியோடு அவர் என் அறைக்கு வந்தார்.

"நீங்களே சொல்லிடுங்க, முதலாளி. நான் சொன்னா, தப்பிக்கப் பழி போடுறான்னு பேசுவாங்க."

"நாளைக்குச் சொல்றேன்யா."

எத்தனை நாளைகள் போயின! நால்வர் உட்காரும் பெஞ்சில் அவர் ஒருவராகச் சாப்பிட்டதை என் கண்ணாடிச் சன்னல் வழியாகத் தினமும் பார்த்தேன். இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேனா? இல்லை. உட்கார்ந்தால் கேட்டுவிடுவாரோ என்று பயம். அவர் ஒருநாள்கூடக் கேட்கவில்லை!

இந்த உண்மை தெரிந்தவர்கள் இருவர். ஒருவர் போய்விட்டார். மூன்று நாட்களாக, பேச ஆளில்லாத வீட்டில் பூட்டிவைத்ததுபோல் இருக்கிறது எனக்கு.

கூடத்துக்குள் எண்ணெயோ ஸ்பிரேயோ நுழையாது என்று உறுதி சொல்கிறேன். நாளை முதல் வாசலில் முதல் சோதனை என் கைப்பைக்கும் என் கைகளுக்கும். மேஸ்திரியின் இடத்துக்கு வருபவர் என்னையும் விரட்டலாம்.

இதோ, குறைப் பதிவேடு. அந்தக் கதவுகளுக்கு நேரே 'மேஸ்திரியின் கவனக்குறைவு' என்று என் கையெழுத்தில் இருந்தது. இன்று காலை அதை அடித்துவிட்டு, நடந்ததை எழுதியிருக்கிறேன். அவர் படத்துக்குப் பூப் போடும் முன் எல்லோரும் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

அண்ணி, முதலில் நீங்கள் வாருங்கள்.