காதில் பென்சில் வைத்த தேங்காய்

— அந்தத் தேங்காய்ப் பொம்ம வீடியோவ அழிச்சியளா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.

— அழிச்சேன், செல்வி. நம்ம போன்ல மட்டுந்தான் அழிஞ்சிருக்கு. மத்தபடி இருநூறு போன்ல அது பாட்டுக்கு ஆடிக்கிட்டு இருக்கு.

— மாதாவே. பென்ஷன்காரங்க குரூப்ல போட்டது ஆபீஸுக்கு எப்படிப் போச்சு?

— நல்லா இருந்தா போகத்தான செய்யும்.

— சிரிக்காதிய. பதினோரு மணிக்கு நம்ம மக சோபியாவ அந்தப் பெரிய ஆபீசரு, படா சாப், தன் ரூமுக்குக் கூப்பிட்டாரு. இப்ப பன்னெண்டரை. போனை எடுக்க மாட்டேங்கா.

— எடுப்பா. பாப்போம்.

— என்னத்தப் பாக்கப் போறிய? கடைசித் தீவுல கெடக்குத கேம்பல் பேக்கு ஒரு கிளார்க்க அனுப்பணும்னு ஒரு வாரமா பேச்சு. கைப்புள்ளயோட அவளத் தூக்கிப் போட்டா? கப்பல்ல ரெண்டு நாளு வாந்தி. இந்த குவார்ட்டர்ஸும் அவ பேர்லதான் இருக்கு. நாம ரெண்டு பேரும் கப்பல் நிக்குத ஹேடோ ஜெட்டியில பாய விரிக்கவா?

— நீ அந்த வெள்ளக்காரன் டிவியப் பாத்ததில்ல, அதான் பயப்படுத. அங்க பிரதம மந்திரியப் பொம்மையா செஞ்சு, மூக்க முழ நீளத்துக்கு இழுத்துவிட்டு, நாடு பூரா சிரிக்க வைப்பான். அந்த மனுஷன் என்ன செய்வாரு தெரியுமா? பொண்டாட்டி புள்ளையளோட உக்காந்து பாத்து, சோஃபாவுல இருந்து உருண்டு கீழ விழுவாரு. ஒரு வாரம் தன்னய விட்டுட்டான்னா மறுநாள் போன் போட்டு அழுவாரு.

— நீங்க பக்கத்துல இருந்து கண்ணீரத் தொடச்சியளாக்கும்.

— மந்திரி பேசிக்கிட்டே இருப்பாரு, செல்வி. பின்னால ஒருத்தன் ஃபைலக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நிப்பான். யாரு ஆளுறான்னு பாத்த ஒடனே வெளங்கிரும். முப்பத்தோரு வருஷம் ஹெட் கிளார்க்கா இருந்தவனுக்கு அதப் பாத்தா எப்படி இருக்கும்?

— பாத்துச் சிரிச்சிட்டு சும்மா கெடக்க வேண்டியதுதான. தேங்காய்க்கு எதுக்குக் கண்ணாடி? காதே இல்லாத தேங்காயில ஆணியடிச்சு எதுக்குப் பென்சிலச் சொருவுனிய?

— ஆபீஸ்காரன் மாதிரி இருக்கணும்லா.

— அது பேசுத பேச்சு வேற: 'ஜெட்டியில ஓட்ட விழுந்திருக்கு சார்.' 'ஓட்டைக்கு ஃபைல் நம்பர் இருக்கா?' 'இல்ல சார்.' 'அப்ப ஓட்டையும் இல்ல. பாப்போம்.' இதக் கேட்டா எந்த ஆபீசருக்குத்தான் கொதிக்காது?

— கண்ணாடிய நெத்தியில ஏத்திவிட்டுட்டு, அதையே மேச பூரா தேடுத எடத்த விட்டுட்டியே.

— மொதல்ல பாத்தப்ப எனக்கு வேற யாரோ மாதிரிதான் இருந்துச்சு. படா சாப்புன்னு நீங்க சொன்ன பெறவுதான் வெளங்குச்சு.

— வேற யாரு மாதிரி?

— இப்ப அதா முக்கியம்? இருங்க, ஜீப் சத்தம்.

— யாரு ஜீப்பு?

— ஆபீஸ் ஜீப்புதான். சோபியா எறங்குதா. தலையத் தூக்காம வாரா. இவள எதுக்கு ஜீப்புல கொண்டாந்து விடுதாங்க? டிரைவர் வேற போகாம நிக்கான்.

— செல்வி, என் கையக் கொஞ்சம் பிடி. சட்டய எடு. நான் நேரா போயி அவரு கால்ல விழுந்துருதேன்.

— லண்டன்ல சோஃபாவுல இருந்துல்லா விழுவாங்கன்னிய.

— ஏளா, லண்டன்ல கேம்பல் பே கெடையாது.

— அம்மா, தண்ணி குடு.

— இந்தா, குடி. சோபியா, டிரான்ஸ்ஃபரா?

— இல்லம்மா.

— வேலைய விட்டே தூக்கிட்டாங்களா?

— அரே, மூச்சு விடு கொஞ்சம். சாப் அந்த வீடியோவ என் முன்னாடியே மூணு தடவ போட்டாரு. மூணு தடவையும் சிரிக்கல. அப்புறம் எந்திரிச்சு ஜன்னல் கிட்டப் போயி, கப்பலப் பாத்தாரு. திரும்பி, 'உங்கப்பா மத்தியாஸ் சார் எப்படி இருக்காரு'ன்னாரு.

— என் பேரச் சொன்னாரா? தெரிஞ்சு போச்சு, செல்வி. தெரிஞ்சு போச்சு.

— முழுசாக் கேளுங்கப்பா. 'பாவம்மா அந்த மனுஷன். ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு, இன்னும் விடமாட்டேங்கிறாங்களே. அவர அப்படியே அச்சு அசலா வச்சுக் கேலி பண்ணின பத்மாஷ் எவன்? மத்தியாஸ் சார் ஒரு புகார் எழுதித் தரட்டும், அவனப் பிடிச்சு நானே கேம்பல் பேக்குக் கப்பல் ஏத்துறேன்'ன்னாரு. அத வாங்கிட்டுப் போகத்தான் டிரைவர் நிக்கிறாரு.

— என்னய வச்சா? அது அவருல்லா. முழுக்க முழுக்க அவரு. செல்வி, நீயே நெஞ்சத் தொட்டுச் சொல்லு. அந்தத் தேங்காய்க்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

— மொதல்ல காதுல இருக்குத பென்சில எடுத்துட்டுக் கேளுங்க.