தாஸ் வாயசைத்த இடம்

கவரைப்பேட்டையில் ரயிலேறிய இருவர் என் எதிரே உட்கார்ந்தார்கள். இளையவர் மடியில் கீபோர்டு இருந்தது.

"சாவுற வீடியோவுக்கு மியூசிக் போட்டுக்கினு இருக்கேண்ணா," என்றார் அவர்.

"இன்னாடா சொல்ற?"

"நம்ம தாஸ் மிஷின்ல மாட்டிச் செத்தாரே, அது கேமராவுல பதிவாயிருக்கு. கம்பெனில அத வச்சு பாதுகாப்புப் படம் எடுக்கிறாங்க. சத்தமே கெடையாது, வாய் மட்டும் அசையுது."

"அவன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"நேத்து ஊட்டுக்கு வந்து, காட்டச் சொல்லி அழுதுச்சு. காட்டினேன். 'மிஷின நிறுத்துங்க'ன்னு மூணு தடவ சொல்றாருன்னு அதுதான் கண்டுபுடிச்சிச்சு."

மற்றவர் கீபோர்டைப் பார்த்தார்.

"அந்த எடத்துல மியூசிக் வேணாம்னு கம்பெனில கேட்டேண்ணா. சும்மா வுட்டா எல்லாரும் வாயத்தான் பாப்பாங்க, நல்லா ட்ரம்ஸ் போடுன்னாங்க."

"போட்டியா?"

"போட்டேண்ணா."